ஸ்டேட்டஸில் ஒரு சடங்கு

உப்பலில் சந்திரமோகன் வீட்டில் அன்று முதல் சைபர் சட்டம் அமலுக்கு வந்தது. இயற்றியவர் அவரே. எட்டாவது படிக்கும் மகள் ஹம்சா ஒரு பூனையைப் படம்பிடித்து இன்ஸ்டாவில் போட்டிருந்தாள். பூனைக்குப் பின்னால் அடுக்ககத்தின் பெயர்ப்பலகை தெரிந்தது. பூனை தப்பித்தது, போன் மாட்டிக்கொண்டது.

"பேரு, ஸ்கூலு, அட்ரஸ், போட்டோ, எதுவும் வெளிய போகக் கூடாது. நெட்டுல ஒரு தடவை போட்டா போட்டதுதான். அழிச்சாலும் அழியாது."

ராணுவத் தளவாட ஆபீஸ்காரர். அங்கே வாசலிலேயே இவர் போனைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். அந்த எரிச்சலை வீட்டில் தீர்த்துக்கொண்டார்.

அடுத்த மாதம் ஹம்சா பெரியவளானாள். அப்பாவும் ஒரு படம் போட்டார். மகள் போட்டோ, பிறந்த தேதி, வகுப்பு, வீட்டு முகவரி, நடுவில் தங்க எழுத்தில் 'மஞ்சள் நீராட்டு விழா'. ஸ்டேட்டஸில் வைத்தார். அடுக்ககக் குழு, ஆபீஸ் குழு, ஸ்கூல் வேன் குழு என்று ஒன்று விடவில்லை. சட்டம் போடுகிறவருக்குச் சட்டம் கிடையாது. நாட்டுக்கும் வீட்டுக்கும் இதில் மட்டும் வித்தியாசமில்லை.

மறுநாள் சாயங்காலம் ஹம்சா பையை எறிந்தாள்.

"வேன் ஓட்டற சாய்கிருஷ்ணா அங்கிள் கங்கிராட்ஸ் சொல்றாரும்மா. பாய்ஸ் அவங்கப்பா போன்ல பாத்துட்டு வந்து சிரிக்கறாங்க. எனக்கு ஸ்கூல் நக்கோ, வேணவே வேணாம்."

"நல்ல விஷயம்தானே. ஊரறியச் செய்யறது நம்ம வழக்கம்," என்றார் சந்திரமோகன்.

"எந்த ஊரு?" மங்களம் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "வேன் டிரைவர்தான் தாய்மாமன் சீர் கொண்டு வரப்போறாரா?"

"அவ குழந்தை. அவளுக்கு என்னடி தெரியும்?"

"குழந்தைன்னா எதுக்குங்க பெரியவளாயிட்டான்னு கார்டு?"

"என் பொண்ணு. நான் போடறேன்."

"சரி," என்றாள் மங்களம். அவள் சரி என்றால் எதுவோ சரியில்லை. இத்தனை வருஷத்தில் அவருக்கு அது உறைத்ததே இல்லை.

காபியோடு தன் போனையும் கொண்டுவந்து வாசித்தாள்.

"'நிகழும் மங்களகரமான நன்னாளில், எனது அன்புக் கணவர் சந்திரமோகன் அவர்களின் மூல அறுவை சிகிச்சை இனிதே நிறைவேறியதை முன்னிட்டு, தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ...' போட்டோவும் இருக்குங்க. ரப்பர் வளையத்து மேல உக்காந்திருக்கீங்களே, அது."

ஆபீஸில் அவர் டெங்கு என்று சொல்லியிருந்தார்.

"மங்களம், அது என் உடம்புடி."

"ஹவ் டாடி, ஆமா, உங்க உடம்பு," என்றாள் ஹம்சா.

"நல்ல விஷயம்தானே," என்றாள் மங்களம். "என் புருஷன். நான் போடறேன்."

காபி ஆறுவதற்குள் எல்லாக் குழுவிலும் ஹம்சாவின் கார்டு அழிந்தது. மண்டபமும் ரத்தானது. மங்களம் பெயருக்கேற்றபடி விழாவுக்கு மங்களம் பாடிவிட்டாள்.

"உன் கார்டை யாருக்கும் அனுப்பிடலையே?"

"ஞாபகமில்லீங்க. அனுப்பியிருந்தா அழிச்சிடறேன்."

அழித்தாலும் அழியாது என்பது யார் போட்ட சட்டம் என்று அவருக்கு நினைவு வந்தது.

காலையில் வேன் வந்தது. ஹம்சா யார் முகத்தையும் பார்க்காமல் ஏறிக் கடைசி சீட்டுக்குப் போனாள். இன்னொரு பிள்ளைக்காகக் காத்திருந்த சாய்கிருஷ்ணா, வாட்ச்மேனின் நாற்காலியை இழுத்துப் போட்டுச் சிரித்தார்.

"கூர்ச்சோண்டி சார்."

உட்காரத்தான் சொல்கிறாரா, உட்கார முடிகிறதா என்று பார்க்கிறாரா? சந்திரமோகன் நின்றுகொண்டே இருந்தார்.