கோட்டைச் சிறையில் பொட்டலம் அண்ணன்

பிள்ளைகளே, உலகத்தில் யாருக்குப் பசித்தாலும் எங்கள் 'பொட்டலம்' அண்ணனுக்குத்தான் முதலில் தெரியும். சாமிக்கே அப்புறம்தான்.

வேங்கிக்காலில் நான் வேலை பார்த்த ஆபீசில் அவர் பியூன். பையில் எந்நேரமும் எலுமிச்சை சாதப் பொட்டலங்கள் இருக்கும். எங்களைக் கிழிகிழியென்று கிழித்துக்கொண்டிருந்த மேலதிகாரியிடமே ஒன்றை நீட்டினார். "சத்தம் கம்மியாவுது சார். ஒரு வாய் சாப்ட்டுட்டுத் திட்டுங்க." இன்னொரு நாள், செருப்புத் திருடன் ஒருவனைக் கம்பத்தில் கட்டி அடித்துக்கொண்டிருந்தார்கள். இவர் கூட்டத்தை விலக்கிப் போய் ஊட்டிவிட்டார். "வாயத் தொறடா, மிச்ச அடிய அப்பறம் வாங்கிக்கலாம்."

அப்படிப்பட்டவரோடு ஆபீஸ் வேனில் குடும்பம் குடும்பமாக ஸ்ரீரங்கப்பட்டணம் போனோம். டூருக்கு நான்தான் பொறுப்பு. காவிரி நடுவே தீவு, தீவில் கோட்டை, கோட்டைக்குள் பாதாளச் சிறை. போரில் பிடிபட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களைச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் இந்தக் கற்களில் கைகளை விரித்துக் கட்டிப்போட்டார்கள் என்றார் கைடு.

"அப்ப சோறு?" என்றார் பொட்டலம் அண்ணன்.

"என்னது?"

"கை கட்டியிருந்தா எப்பிடிங்க சாப்டுவாங்க?"

எல்லோரும் சிரித்தோம். நான்தான் ஜாஸ்தி. மற்றவர்கள் கைடோடு வெளியேறிவிட்டார்கள். நானும் மகளும் திரும்பிப் பார்த்தால், ஒவ்வொரு கல்லுக்கு முன்னாலும் ஒரு பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டிருக்கிறார்!

விசிலோடு ஓடிவந்தார் காவலாளி. "யார் கூட வந்த ஆள் இது?"

மொத்தக் கூட்டத்தையும் வெளியே துரத்திவிடுவார், ஆபீஸ் முழுக்க என் மானம் போகும் என்று பயந்துவிட்டேன்.

"தெரியாதுங்க" என்றேன்.

"அப்பா, நம்ம பொட்டலம் மாமாப்பா…" என்ற மகளின் கையை அழுத்தினேன்.

அண்ணன் என்னை ஒருதரம் பார்த்தார். "நான் தனியாதான் வந்தேங்க" என்று காவலாளியிடம் சொல்லிவிட்டு, சோற்றையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்.

வேனிலும் ஆளைக் காணோம். தேடிக்கொண்டே வேனில் ஆற்றுப்பாலம் தாண்டினோம். அந்தக் கரையில், கொளுத்தும் வெயிலில் நின்று கையைக் காட்டினார். இறங்கி ஓடினேன்.

"இன்னாத்துக்குண்ணே இவ்ளோ தூரம் நடந்தீங்க?"

"வண்டிகிட்டயே அந்த வாட்ச்மேன் நின்னுனு இருந்தான் சார். அவன் எதிர்ல ஏறுனா உங்க பேச்சு பொய்யாப் பூடும் இல்ல? பொண்ணு வேற கூட இருந்துச்சு."

வேனில் ஏறி, "வழி தெரியாம பூட்டேன்" என்று எல்லோரிடமும் திட்டு வாங்கிக்கொண்டார். ஊர் வந்து சேரும்வரை நான் தலை நிமிரவில்லை. என் மகள் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மகளே, அன்று அந்த இருட்டுச் சிறையில் சொல்லாததை இன்று எல்லாப் பிள்ளைகளும் கேட்கச் சொல்கிறேன்: அவர் எங்களோடு வந்தவர். எனக்கு ரொம்ப வேண்டியவர்.