செல்வி என்றால் திரும்பாத பூனை

கொல்லயில் கிராமம்,
9.11.1954

அன்புள்ள ராஜதாஸ் அண்ணனுக்கு, தங்கை விமலகுமாரி தோத்திரம் சொல்லி எழுதுவது.

இந்தப் பாதிராத்திரியில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். விளக்கு வெளிச்சத்தில் எழுத்து கோணியிருக்கும். நானும் இவரும் குழந்தையும் சுகம். அண்ணியும் பிள்ளைகளும் சுகம்தானே? சுகமில்லாதது நீங்கள் கொடுத்தனுப்பிய பூனை சக்கிதான். மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டரான உங்களைவிட்டால் யாரிடம் கேட்பேன்?

நேற்று மலேரியா ஆட்கள் டி.டி.டி. கொசு மருந்து அடிக்க வந்து, "பூச்சயெ முதல்ல வெளிய கொண்டு போங்க சாரே" என்று பூனையைச் சொன்னார்கள். சக்கி கட்டிலுக்கடியில் கிடந்தது. உங்களுக்குத் தெரியாது, எல்லைப் போராட்டம் தொடங்கியதிலிருந்து இவர் அதற்குச் செல்வி என்று பெயர் மாற்றிவிட்டார். "சக்கி மலையாளப் பேராக்கும். தாலுகா தமிழ்நாட்டோட சேரணும்னு மேடையில பேசுறவன் வீட்டுக்கு அது கொள்ளாது" என்றார். அதனால் குனிந்து "செல்வி, செல்வி" என்று கூப்பிட்டார். அது காதைக்கூட அசைக்கவில்லை. நான் "ச" என்று வாயெடுத்ததும் முறைத்தார். பிறகு அந்த ஆட்கள் முன்னால் வெட்கப்பட்டு, "அது அப்பமே போச்சு, நீங்க அடியுங்க" என்று சொல்லிவிட்டார்.

சக்கி வெளியே வந்தபோது முதுகெல்லாம் மருந்து வெள்ளை. நக்கி நக்கித் துடைத்துக்கொண்டது. மத்தியானம் காது துடித்தது. பக்கத்து வீட்டுச் சத்தியபாய் அக்கா, "மக்கா, பினாயில் கலக்கிக் குளிப்பாட்டு, எல்லா விஷமும் போவும்" என்றாள். குளிப்பாட்டினேன், நடுக்கம் காலுக்கும் வந்தது. இவர் பதறிப்போய், கூட்டத்துக்குப் போர்த்துகிற சால்வையைப் பெட்டியிலிருந்து எடுத்து, அதிலிருந்த பாச்சை உருண்டைகளோடு சேர்த்துச் சுற்றிக் கூடையில் வைத்தார். இப்போது வாயில் நுரை. குழந்தை வேறு அதன் வாலைப் பிடித்த கையை வாயில் வைக்கப் பார்க்கிறாள். கழுவிக் கழுவி என் கைதான் வெளுத்துவிட்டது.

அந்த ஆட்கள் ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். மலையாளம். எனக்குப் பேச வரும், வாசிக்க வராது. இவருக்கு வாசிக்க வரும், ஆனால் எல்லை தீரும்வரை மலையாள எழுத்தைப் பார்ப்பதில்லை என்று சபதம். மடித்து மேசைக் காலுக்கு அண்டை கொடுத்துவிட்டார். இவருக்குத் தெரியாமல் உருவி இத்துடன் வைக்கிறேன். நீங்கள் வாசித்து, என்ன செய்வதென்று எழுதுங்கள்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. கர்த்தர் எல்லோரையும் காக்கட்டும், சக்கியையும் சேர்த்துத்தான்.

தங்கை,
விமலகுமாரி

பி.கு.: உறையில் வைக்க நோட்டீசைத் திருப்பினால் பின்பக்கம் முழுவதும் தமிழ்! பூனைமேல் மருந்து பட்டால் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டுமாம். பினாயிலும் பாச்சை உருண்டையும் கிட்டவே கொண்டுபோகக் கூடாதாம். இவரை எழுப்பிக் காட்டினேன். எழுந்துபோய் அடுப்பு மூட்டினார். கழுவித் துடைத்துவிட்டோம். இப்போது நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு கூடைக்குள் குனிந்து, "சக்கீ, எடீ சக்கீ" என்கிறார். அது தலையைத் தூக்கிவிட்டது, அண்ணா! நுரை நின்றுவிட்டது, கால் மட்டும் இன்னும் நடுங்குகிறது. பால் கொடுக்கலாமா? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.