முந்திரிக்கொட்டை எழுதிய நாடகம்

பினாங்குத் தீவில் தமிழ்ப்படம் பார்த்துக் கெட்டுப்போனவர்கள் ஆயிரம் பேர் உண்டு. தமிழ்ப்படத்தைப் பார்த்தே கெடுத்தவர் ஒருவர்தான். அவரை நாங்கள் முந்திரிக்கொட்டை என்று அழைத்தோம். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

எண்பதுகளின் தொடக்கம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் அவர் தலைமைக் கிளார்க், நான் அவருக்கு அடுத்த மேஜை. ஒல்லியான உடம்பு, முழுக்கைச் சட்டை, உலகத்தின் மேல் ஒரு நிரந்தர வருத்தம். அந்த வருத்தத்துக்குக் காரணம் வறுமையோ வயிற்றுவலியோ இல்லை. படங்களில் எல்லாரும் ஒரே வசனத்தைப் பேசுகிறார்கள் என்பதுதான்.

ஒரு முறை அவருடன் படத்துக்குப் போனேன். திரையில் ஆஸ்பத்திரி. தாய் கதறுகிறாள். அரங்கமே மூக்கைச் சிந்துகிறது. டாக்டர் கதவைத் திறந்து, கண்ணாடியைக் கழற்றி, வாயைத் திறப்பதற்கு முன்னால் மூன்றாவது வரிசையிலிருந்து இவர் குரல் கணீரென்று வந்தது.

"எதுவா இருந்தாலும் இருபத்தி நாலு மணி நேரம் கழிச்சுத்தான் சொல்ல முடியும்!"

டாக்டர் கீழ்ப்படிந்தார். ஓர் எழுத்து மாறாமல் அதையே சொன்னார். அரங்கம் சிரிப்பில் அதிர்ந்தது. முன் சீட்டில் அழுதுகொண்டிருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணே, கொஞ்ச நேரம் அழ விடுங்கலா. அதுக்குத்தானே வந்திருக்கேன்."

இடைவேளையில் தியேட்டர்காரர் வந்து, டிக்கெட் காசைத் திருப்பித் தருகிறேன், தயவுசெய்து எழுந்து போங்கள் என்று கெஞ்சினார். தெருவுக்கு வந்ததும் முந்திரி அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் கெடுக்கல தம்பி. நான் சொல்லாட்டியும் அவன் அதத்தான் சொல்லுவான். அதான்லா வேதன."

அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. இனி எந்த மனிதனும் பேசக்கூடாத வசனங்களை எண் போட்டு எழுதி வைத்திருந்தார். மயக்கம் தெளிந்தவுடன் "நான் எங்கே இருக்கேன்?" என்பது நாலாம் எண். "நிறுத்துங்க இந்தக் கல்யாணத்த!" பதினொன்று. "கண்ணுல தூசி விழுந்துடுச்சு" பதினேழு. நான் பார்த்தபோது முந்நூற்றைத் தாண்டியிருந்தது.

வியாதி ஆபீசுக்கும் பரவியது. "தங்கள் கடிதம் கிடைத்தது" என்று எல்லாக் கடிதமும் தொடங்குவதைப் பொறுக்க முடியாமல், ஐரோப்பாவிலிருந்த ஒரு சரக்குக் கம்பெனிக்கு இப்படி எழுதினார்: "இங்கே மூன்று நாளாக மழை. உங்கள் பெட்டிகள் நனையவில்லை." மேனேஜர் அவரை உள்ளே கூப்பிட்டு அரை மணி நேரம் பேசினார். வெளியே வந்த அண்ணன் நாற்காலியில் சரிந்தார். "திட்டுறதுகூட படத்துல வர்ற மொதலாளி மாதிரியே திட்டுறாருலா. அடுத்து என்ன சொல்வாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நானே சொல்லிட்டேன். அதான் கோவம்."

இப்படிப்பட்டவரிடம்தான் எங்கள் கம்பெனி கிளப் ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதச் சொன்னது. அவர் முகத்தில் நான் முதன்முதலாக வெளிச்சம் பார்த்தேன்.

கதை எளிமையானது. காணாமல் போன மகன் பல வருஷம் கழித்து வீடு திரும்புகிறான். தாயாக டெலிபோன் ஆபரேட்டர் தனம் அக்கா, மகனாக ஸ்டோர் கிளார்க் மாணிக்கம். நிபந்தனை ஒன்றே ஒன்று: நோட்டில் உள்ள எதையும் யாரும் பேசக்கூடாது.

ஒத்திகையில் தனம் அக்கா மாணிக்கத்தைப் பார்த்து வாயைத் திறப்பார். "என் கண்ணே..."

"எம்பத்தி ரெண்டு!" என்பார் அண்ணன்.

"நீயாடா..."

"எம்பத்தி மூணு!"

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப நான் என்னாதான் சொல்றது அண்ணே? பெத்தவ ஊமையா?"

எதைப் பேசக்கூடாது என்று முந்நூறு வரி தெரிந்தவருக்கு, எதைப் பேச வேண்டும் என்று ஒரு வரி தெரியவில்லை. ஒரு வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு தனம் அக்காவே சொன்னார். "எங்க சின்னம்மாவுக்கு இதே மாதிரி நெசமாவே நடந்துச்சு அண்ணே. நிபோங் திபால்ல எஸ்டேட்டுல இருக்காங்க. அவங்களக் கேட்டுப் பாருங்களேன்."

அடுத்த ஞாயிறே என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சின்னம்மாவின் பெயர் பாக்கியம். செம்பனைத் தோட்டத்தில் வேலை. சிங்கப்பூருக்குப் போன மகன் பதினோரு வருஷம் ஒரு கடிதம்கூடப் போடாமல் இருந்து, திடீரென்று ஒரு மத்தியானம் வாசலில் வந்து நின்றானாம்.

"அவனப் பாத்ததும் நீங்க மொதல்ல என்னா சொன்னீங்கம்மா?" அண்ணன் பென்சிலைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

பாக்கியம்மா வெட்கத்தோடு தரையைப் பார்த்தார். "சப்பாத்த வெளிய கழட்டுடா, இப்பதான் வீட்டத் தொடச்சேன்னேன்."

"அவரு?"

"பஸ்ஸு லேட்டும்மான்னான்."

அண்ணன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் அந்த இரண்டு வரியையும் மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார். "பதினோரு வருசம் தம்பி! சப்பாத்தக் கழட்டுடாங்கிறா பாரு! எந்தப் படத்துலலா இது இருக்கு?" விழாவுக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று பாக்கியம்மாவிடம் சத்தியமே வாங்கியிருந்தார்.

விழா ஒரு ஞாயிறு பிற்பகல், வாடகைக்கு எடுத்த ஒரு சீனர் சங்க மண்டபம். நானூறு பேர். பாக்கியம்மா பட்டுச்சேலையோடு முன் வரிசையில். திரைக்குப் பக்கத்தில் மறைவாக வசன நோட்டோடு அண்ணன், அவர் பின்னால் நான்.

மாணிக்கம் பெட்டியோடு மேடைக்கு வந்தான். தனம் அக்கா திரும்பிப் பார்த்தார். அழகாக, மெதுவாக, ஒத்திகையைவிட நன்றாகச் சொன்னார். "சப்பாத்த வெளிய கழட்டுடா, இப்பதான் வீட்டத் தொடச்சேன்."

பின் வரிசையிலிருந்து ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது மேடைவரை வந்தது. "என்னாலா இது? அம்மாவா, வேலக்காரியா?"

சிரிப்பு கிளம்பியது. மாணிக்கம் "பஸ்ஸு லேட்டும்மா" என்று சொல்ல வேண்டும். அவன் நானூறு முகங்களையும் பார்த்தான். அடுத்த விநாடி பெட்டியைப் போட்டுவிட்டுத் தடாலென்று அக்கா காலில் விழுந்தான்.

"அம்மா! இந்தப் பாவிய மன்னிச்சிடும்மா!"

கூரை பறந்தது போலக் கைதட்டல். தனம் அக்கா எத்தனை வருஷம் அறுந்த லைனைச் சேர்த்து வைத்தவர்! கப்பென்று பிடித்துக்கொண்டார். "என் கண்ணே! உன்னப் பாக்கத்தான்டா இந்த உசுரு இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு!" விசில் பறந்தது. அதன் பிறகு நாடகம் அண்ணன் எழுதிய பாதைப் பக்கமே திரும்பவில்லை. நோட்டில் இருந்த முந்நூறும் எண் வரிசை இல்லாமல் மேடையில் ஊர்வலம் போயின.

உச்சக் கட்டத்தில் மாணிக்கத்துக்கு வசனம் நின்றுபோனது. "எனக்குப் பணம் வேணாம்மா, காசு வேணாம்மா..." அதற்கு மேல் வரவில்லை. வேர்த்துக் கொட்ட எங்கள் பக்கம் திரும்பினான். நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கையிலிருந்த நோட்டை மூடிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு மெல்லிய குரலில் எடுத்துக் கொடுத்தார்.

"உங்க மடியில தல வச்சுப் படுத்தா போதும்மா."

மாணிக்கம் அதைச் சொன்னான். மண்டபம் எழுந்து நின்றது.

முடிவில் அண்ணனுக்கு மாலை போட்டார்கள். மேனேஜர் கைகுலுக்கினார். "இவ்ளோ நல்லா எழுதுவீங்கன்னு தெரியாதுலா!" அண்ணன் மாலையோடு, தூக்குமேடைக்குப் போகிறவர் மாதிரி நின்றார். மெதுவாக என் காதில் சொன்னார். "அவன் என்னத் திரும்பிப் பாத்துட்டான் தம்பி. எப்படி சொல்லாம இருக்கிறது?"

பாக்கியம்மாவை அக்கரையில் பட்டர்வொர்த்தில் பஸ் ஏற்றிவிட இரண்டு பேரும் ஃபெரியில் கூடப் போனோம். அண்ணன் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தலை நிமிராமல் பேசினார். "மன்னிச்சுக்கங்கம்மா. நீங்க சொன்னத அவங்க காப்பாத்தல."

"ஐயோ, என்னா தம்பி!" பாக்கியம்மாவின் கண் இன்னும் சிவந்திருந்தது. "சப்பாத்து கெடக்குது. அதுக்கப்புறம் தனம் சொன்னா பாருங்க, உன்னப் பாக்கத்தான் உசுரு ஒட்டிக்கிட்டு இருக்குன்னு. அதத்தான் பதினோரு வருசமா மனசுல வச்சிருந்தேன், வந்தா சொல்லணும்னு. வந்து நின்னதும் பாழாப்போன வாயில சப்பாத்துதான் வந்துச்சு."

அண்ணன் திரும்பினார். "அது படத்துல கேட்டதாம்மா?"

"ஆமா தம்பி. நான் வேற எங்க போயி பேசக் கத்துக்கிறது?" முந்தானையைச் சரிசெய்துகொண்டு சொன்னார். "மவனக் கூட்டியாராம போயிட்டேன். மறுபடி போட்டா சொல்லுங்க, கூட்டியாறேன். அந்த வசனத்த மட்டும் எடுத்துடாதீங்க."

இருபது வருஷமாக அந்த வரியை ஒழிக்கப் பாடுபட்ட மனிதர் அவர். தலையை ஆட்டினார். "எடுக்க மாட்டேம்மா."

பஸ் போன பிறகு தீவுக்குத் திரும்ப ஃபெரி ஏறினோம். அந்தி. மேல்தட்டு பெஞ்சில் உட்கார்ந்ததும், பல நாள் தூங்காத மனிதர் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். மாலையின் பூ ஒன்று காலரில் ஒட்டியிருந்தது. கரை வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். ஊழியர் ஒருவர் வந்து, "துருன்லா, அண்ணே," என்று இறங்கச் சொன்னார். தூங்குகிறவரைக் காட்டிக் கும்பிட்டேன். ஊழியர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஃபெரி மறுபடி பட்டர்வொர்த் போனது. மறுபடி திரும்பியது. அதற்கடுத்த முறை கடலைக் கடக்கும்போது அண்ணன் பாதிக் கண்ணைத் திறந்தார்.

"இன்னுமா தம்பி கரை வரல?"

"இல்லண்ணே," என்றேன். "இன்னிக்கு அலை ஜாஸ்தி, மெதுவாத்தான் போவுது. நீங்க தூங்குங்க."