சில்லிட்ட நெற்றி

நெவேனாவின் நெற்றியில் கை வைத்த ராடோயேவுக்குத் திக்கென்றது. பிள்ளை ஐஸ் கட்டி மாதிரி சில்லென்றிருந்தாள்.

மனைவி தெசாங்கா, தங்கையின் பிரசவத்துக்காக முந்தின நாள்தான் சுபோதிட்சாவுக்கு ரயில் ஏறினாள். "நான் திரும்பி வர்றதுக்குள்ள பிள்ளையைச் சீக்காளி ஆக்கிடாதய்யா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அதற்குள் இப்படி!

காய்ச்சல்மானி வைத்துப் பார்த்தான். எல்லாம் சரி என்றது.

"இதுவும் கெட்டுத் தொலைஞ்சுதா!"

ஜூன் மாத வெயிலில் ஜன்னல்களை இறுக்கிச் சாத்தினான். இரண்டு கம்பளிச் சட்டைகளை மாட்டிவிட்டான்.

"வேர்க்குதுப்பா."

"அது குளிர் வேர்வைடா செல்லம்."

மறுபடி தொட்டான். முன்பைவிடச் சில்லென்றிருந்தது.

எதிர்வீட்டு மிலுங்காவிடம் ஓடினான். அவள் ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். "பிளம் சாராயம். காலுறையை நனைச்சு மாட்டி விடு. நெஞ்சிலயும் தேய். எங்க வீட்ல அஞ்சு பேரும் இதுலதான் வளர்ந்தோம்."

"ஐயே, நாறுதுப்பா!" என்று நெவேனா அழுதாள். ராடோயேவுக்குக் கை நடுங்கியது. தைரியத்துக்குத் தானும் ஒரு வாய் குடித்தான். அறை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. பெற்ற மனம், பயத்தில் என்னதான் செய்யாது?

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினான். மூச்சு முட்டுகிறதென்று ஜன்னலைத் திறந்ததுதான் தாமதம்.

"மூடு! ஊதக்காத்து அடிச்சுப் பிள்ளையைச் சாகடிக்கப் பாக்கறியா?" என்று கத்தினாள் பக்கத்து இருக்கைக்காரி. ஜன்னல் மூடியதும் மோப்பம் பிடித்தாள். "அடப்பாவி! பிள்ளைக்குச் சாராயமா குடுத்தே?"

"காலுக்குத்தான் அம்மா!"

"எந்த ஊர்ச் சரக்கு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் ஆசையோடு கேட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் அவன் கால்கள் துவண்டன. நர்ஸ் ஓடிவந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். கம்பளிகளைக் கழற்றினாள், கண்ணைப் பார்த்தாள், நாடி பிடித்தாள்.

"எம்மா, எம்பொண்ணு பிழைச்சுடுவாளா? தொட்டுப் பாருங்க, எப்படிச் சில்லிட்டுக் கிடக்கா!" என்று தேம்பியபடி அவன் நர்ஸின் கையைப் பற்றிக்கொண்டான்.

அவள் சட்டென்று கையை உதறினாள்.

"பிள்ளை நல்லாத்தான் இருக்கா. உங்க கைதான்யா அடுப்பாக் கொதிக்குது, முதல்ல நீங்க படுங்க!"