மைக்செட் அண்ணன் தொண்டை கட்டிய கதை

உலகத்தில் பிடிவாதக்காரர்கள் எத்தனையோ பேர் உண்டு. கருக்களாச்சேரி மைக்செட் அண்ணனுக்கு முன்னால் அத்தனை பேரும் பச்சைக் குழந்தைகள். ஆண்டவனே நேரில் வந்து 'கிழக்கேதான் கடல்' என்றாலும், "அதெப்படி, நீங்க சொல்லிட்டா ஆச்சா?" என்று கேட்கிற ஆள்.

மீன் ஏலம் போடுவது அவர் தொழில். ஏலக் கொட்டகைக்கு எதிரே எனக்கு ஐஸ் கடை. அவர் "வஞ்சிரம்!" என்று ஒரு குரல் கொடுத்தால் தள்ளியிருக்கிற மண்டபத்தூரில் தூங்குகிற பூனை எழுந்து உட்காரும். மைக்செட் என்பது ஊர் வைத்த பெயர்; சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே யோசித்தால்தான் வரும்.

மார்கழியில் அந்தக் குரல் கம்மியது. "என்னண்ணே தொண்டை?" என்று கேட்டது என் தப்பு.

"எல்லாம் ஒன் ஐஸுதான்டா. ஒரு வாய் ஐஸ் தண்ணி குடிச்சேன், போச்சு!"

ஊர் முழுக்க இதையே கரகரத்துக்கொண்டு திரிந்தார். என் வியாபாரம் படுத்தது. அடுத்த வாரம் காரணம் மாறி, கீழவாஞ்சூர் போகிற லாரித் தூசி ஆனது. அதற்கடுத்து மச்சான்காரன் வைத்த கண்ணு. பனங்கற்கண்டு, மிளகு, சித்தரத்தை எல்லாம் தொண்டைக்குள் போயின. பீடியும் கூடவே போனது. கத்த முடியாமல் கடைசியில் ஒலிபெருக்கியை வாடகைக்கு எடுத்து வந்தார். மைக்செட்டுக்கே மைக்செட்!

தை பிறந்தும் தொண்டை திறக்கவில்லை. என் மனைவிக்குக் காது வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன், அங்கே சுவரில் எழுதியிருந்ததைப் படித்தேன். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால், விழுங்கக் கஷ்டமாக இருந்தால் சோதித்துப் பாருங்கள், புற்றுநோயாகவும் இருக்கலாம் என்று இருந்தது. நேரே அவரிடம் வந்தேன்.

"அண்ணே, காது மூக்கு தொண்டை டாக்டர ஒரு எட்டு பாத்துட்டு வந்துருவோம்."

"காதும் மூக்கும் நல்லாத்தானே இருக்கு? மூணுல ரெண்டு பாஸு. அப்புறம் என்னாத்துக்கு?"

தலையில் அடித்துக்கொண்டேன். "சோறு எறங்குதா?"

"அது ஒங்கண்ணி சமையலு. யாருக்கும் எறங்காது."

"புத்துநோயா இருந்தா என்னண்ணே பண்ணுவீங்க?"

ஒரு பீடியைப் பற்றவைத்தார். "மீன்பிடித் தடைக்காலம் வரட்டும். போட்டு எதுவும் கடலுக்குப் போவாது, எனக்கும் வேலை இருக்காது. அப்ப பாத்துக்குவோம்."

தடைக்காலத்துக்கு இன்னும் மூன்று மாதம் கிடக்கிறது! நோய் என்ன, அரசாங்கம் சொன்னால் கரையிலேயே கட்டிக் கிடக்குமா? ஆத்திரத்தில், "இனிமே ஒங்களுக்கு ஐஸ் கெடையாது" என்றேன். "நல்லதாப் போச்சு, தொண்டை தேறிடும்" என்றார் அந்த மனுஷன்.

இவரிடம் பேசி ஆகாது என்று தனபாக்கியம் அக்காவிடம் போனேன். மீன் வாங்க வருகிற பெண்களுக்கெல்லாம் அவர்தான் தலைவி. முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, போ" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை நல்ல வஞ்சிரம் ஒன்று ஏலத்துக்கு வந்தது. அண்ணன் விலை சொன்னார். யாரும் ஏலம் கேட்கவில்லை. விலையைக் குறைத்தார். அப்போதும் சத்தமில்லை. மத்தி விலைக்கே இறக்கிப் பார்த்தார். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

"என்னம்மா, எல்லார் வாயிலயும் கொழுக்கட்டையா?"

"ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொல்லு. கேக்குறோம்" என்றார் தனபாக்கியம் அக்கா.

"மீனு கெட்டுப் போவுங்க்கா!"

"கெடட்டும். மீனு நாளைக்கும் வரும். நீ போயிட்டா எங்கேருந்துடா வருவ?"

அண்ணன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒலிபெருக்கியைக் கீழே வைத்தார். என் பக்கம் திரும்பி, "வண்டிய எடுடா" என்றார்.

புற்றுநோய்தான். குரல்வளையில் இருந்தது. ஆரம்பத்திலேயே வந்துவிட்டீர்கள், கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தே சரிசெய்யப் பார்க்கலாம் என்றார் டாக்டர். வெளியே வந்ததும் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏலம் போட முடியுமாடா?" என்று கேட்டார். உயிரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அழுகையும் வந்தது, இரண்டு அறை விடலாமா என்றும் வந்தது.

ஆடி கழிந்து ஒரு காலையில் கொட்டகைக்கு வந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. முன்னால் ஒரு கூடை மத்தி. "மத்தி... ஒரு கூடை" என்றார். குரல் சின்னதாக, விரிசல் விட்டு வந்தது. ஆனால் அவர் குரல்தான்.

பெண்கள் போட்டி போட்டுக்கொண்டு கேட்டார்கள். விலை வஞ்சிரத்தைத் தாண்டியது. "அறிவிருக்கா ஒங்களுக்கெல்லாம்? மத்திக்கா இந்த வெல?" என்று திட்டினார். தனபாக்கியம் அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னும் ஏற்றினார். அவருக்கும் மேலே கேட்டு, கூடையை நான் எடுத்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் யாரும் மத்தி சாப்பிடமாட்டோம்.