ரெகுலர் கஸ்டமர்

“ஹெல்மெட்ட கழட்டுங்க மொதல்ல. மேல கேமரா ஓடுது.”

சிவப்பிரகாசம் கழற்றவில்லை. கழற்றுவதாக இருந்தால், மரக்காணத்திலிருந்து பாண்டிக்கு இந்த வேகாத வெயிலில் ஹெல்மெட்டோடு வந்து, வண்டியை நிறுத்திய பிறகும் ஹெல்மெட்டோடு நடந்து, ஒயின் ஷாப் படியையும் ஹெல்மெட்டோடு ஏறியிருக்க வேண்டியதே இல்லை. முன்கண்ணாடியை மட்டும் கொஞ்சம் தூக்கி, அந்தச் சந்து வழியாகக் கேட்டார்.

“போர்பன் இருக்குதுங்களா?”

“பக்கத்துல பொட்டிக்கடை இருக்குது பாருங்க. பிஸ்கட்டெல்லாம் அங்கதான்.”

“பிஸ்கட் இல்லீங்க. விஸ்கி.”

அந்தச் சொல் தன் வாயிலிருந்து வந்ததைத் தன் காதாலேயே கேட்டதும் அவருக்கு உடம்பெல்லாம் கூசிற்று. ஹெல்மெட்டுக்குள் வேறு அது சத்தமாகக் கேட்டுத் தொலைத்தது.

நியாயமான கூச்சம்தான். மரக்காணத்தில் உப்பளம் வைத்திருக்கும் சிவப்பிரகாசம் வெற்றிலை பாக்குக்கே முகம் சுளிப்பவர். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஊருக்குள் இருந்த மதுக்கடையை எடுக்கச் சொல்லிப் பெண்களைத் திரட்டிக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்தவர் அவர். கடை போயே போய்விட்டது. பேப்பரில் படம் வந்தது. அதை லேமினேட் செய்து, வீட்டுக் கூடத்தில், நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி மாட்டி வைத்திருந்தார். குடித்துவிட்டு வந்த ஆளை அவர் உப்பளத்தில் கால் வைக்க விட்டதே கிடையாது.

எல்லாம் சம்பந்தியின் போன் வரும்வரைக்கும்தான்.

“சம்பந்தி, நீங்க பாண்டி பக்கம்தானே?”

பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில் குடியிருக்கும் யாருக்கும் இந்தக் கேள்விக்கு அர்த்தம் தெரியும். வெளியூர்ச் சொந்தக்காரர் இப்படி ஆரம்பித்தால் கடற்கரையில் காற்று எப்படி என்று விசாரிக்கப் போவதில்லை. இதுவரை இப்படிக் கேட்ட அத்தனை பேரையும் சிவப்பிரகாசம் வறுத்தெடுத்திருக்கிறார். ஒரு மச்சானோடு பேச்சுவார்த்தையே இல்லாமல் போயிற்று. ஆனால் இப்போது கேட்டவர் வேலூர் தெய்வசிகாமணி. மாப்பிள்ளையின் அப்பா.

“அமெரிக்காவுல போர்பன்னு ஒரு விஸ்கி சம்பந்தி. அதுல இந்த வருஷம் லிமிடெட்டா ஒண்ணு உட்டிருக்கான். மூடி மேல காளமாட்டுத் தல வெச்சிருப்பான். பாண்டியில ஏதோ ரெண்டு மூணு கடைக்குத்தான் வந்திருக்குதாம். அந்த பாட்டில் ஒண்ணு மட்டும் புடிச்சிக் குடுத்துடுங்க. மத்ததெல்லாம் நம்ம வீட்ல வரிசையா நிக்குது. இது ஒண்ணு இல்லாம எனக்கு தூக்கமே வர்ல.”

அன்றைக்குத் தூக்கம் போனது சிவப்பிரகாசத்துக்கு. வரிசையாக நிற்கிறதாம்! பெண் கொடுக்கப் போவது ஒரு மொடாக் குடிகாரன் வீட்டில் என்று இவ்வளவு பிந்தியா தெரியவேண்டும்? சென்னையில் வேலை பார்க்கும் இடத்தில் சத்யப்ரியாவே பார்த்துப் பிடித்துக்கொண்ட பையன். இரண்டு வீட்டாரும் பாண்டி பக்கம் இரும்பை என்கிற ஊரின் சிவன் கோயிலில் சந்தித்துப் பேசி முடித்தாகிவிட்டது. யாரும் இன்னும் வேலூருக்குப் போய் வீட்டைப் பார்க்கவில்லை. பையன் தங்கம். அவனைத் தவிர வேறு ஒருத்தனைக் கட்டமாட்டேன் என்று பெண் சொன்னபோது அவள் கண்ணில் பார்த்த பிடிவாதத்தை அவர் மறக்கவில்லை. மனைவி சின்னப்பாப்பாவிடம் விஷயத்தைச் சொன்னாலோ கல்யாணம் அன்றைக்கே நின்றுவிடும். ரோட்டில் அவருக்கு முன்னால் உட்கார்ந்தவளே அவள்தான்.

ஆக, “பாத்து சொல்றேன் சம்பந்தி” என்று சொல்லிவிட்டார். சொன்ன வாயை இரண்டு முறை கொப்பளித்தார்.

“அந்த மாட்டுத்தல போர்பனா?” கடைக்காரர் இப்போது மரியாதையாகப் பார்த்தார். “உங்களுக்கு நல்ல டேஸ்ட்டு சார். ஆனா அது கைக்கு வர்றது கஷ்டம். வந்ததே கொஞ்சம். ரெகுலர் கஸ்டமருக்குத்தான் தருவோம்.”

“ரெகுலர்னா?”

“தெனமும் வர்றவங்க சார். மொகம் தெரிஞ்சவங்க. உங்களுக்கு மொகமே தெரியலியே.”

அடுத்த கடைக்குப் போனார். அங்கேயும் அதே பதில். அதற்கடுத்த கடையில் பதிலோடு ஒரு சிரிப்பும் கிடைத்தது. வேறு வழியில்லாமல் முதல் கடைக்கே திரும்பி வந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஹெல்மெட்டைக் கழற்றினார்.

“இதான் மொகம். நல்லா பாத்துக்குங்க. இன்னிலேர்ந்து நான் ரெகுலரு.”

ரெகுலர் என்றால் வெறுங்கையோடு போகமுடியாதே. ஒரு குவார்ட்டர் கொடுங்கள் என்றார். எந்தக் குவார்ட்டர் என்று கேட்டதற்கு, “எதுவா இருந்தாலும் சரி” என்றார். வெளியே வந்ததும், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் திருதிருவென விழித்தார். படிக்கட்டில் ஒருவன் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் மடியில் அதைப் போட்டு, “வெச்சிக்கப்பா” என்று நகரப் பார்த்தார்.

“மொதலாளி?”

சாலமன். போன கோடையில், வாயில் வாடை அடிக்கிறது என்று அவர் உப்பளத்தை விட்டு விரட்டிய அதே சாலமன்.

சிவப்பிரகாசத்துக்கு அப்படியே பூமிக்குள் போய்விட்டால் தேவலை என்றிருந்தது. சாலமனோ மடியிலிருந்த குவார்ட்டரைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், அவன் முகத்தில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. பாவம் பார்க்கிற முகம். அதைத்தான் அவரால் தாங்கமுடியவில்லை.

“நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன் மொதலாளி. எல்லாருக்கும் ஒரு நேரம் வர்றதுதான்.”

“டேய், இது வேற விஷயம்டா.”

“நானும் அப்பிடித்தான் சொல்லிக்கினு இருந்தேன். ஒண்ணு மட்டும் கேளுங்க. வெறும் வயித்துல வேணாம்.”

மறுநாளும் போனார். சின்னப்பாப்பாவிடம் மண்டபம் பார்க்கப் போவதாகச் சொன்னார். அதற்கு மறுநாள் மேளக்காரர். பிறகு சமையல்காரர். வாங்கியதையெல்லாம் சாலமனிடம் கொடுத்தார். சாலமன் நல்ல மனசுக்காரன், தனியாகக் குடிக்கமாட்டான். கூட்டாளிகளைக் கூட்டி வந்தான். கொஞ்ச நாளில், சிவப்பிரகாசத்தின் வண்டி தெருமுனையில் திரும்பினாலே படிக்கட்டில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

“தலைவரு வந்துட்டாருடா!”

மதுக்கடையை மூடியபோது ஊரில் ஒருவரும் அவரைத் தலைவர் என்று கூப்பிடவில்லை. அந்த ஆதங்கம் அவருக்குள் ரொம்ப நாளாக இருந்தது. அது இப்படியா தீரவேண்டும்?

கடைக்காரரும் பழகிவிட்டார். அவரைப் பார்த்ததுமே ஒரு குவார்ட்டரை எடுத்து வைத்து, கூடவே மிக்சர் பாக்கெட் ஒன்றை இலவசமாகத் தள்ளுவார். நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள், குரலைத் தாழ்த்தி, “சார், உங்களுக்குன்னு எடுத்து வெச்சேன்” என்று கல்லாவுக்குக் கீழேயிருந்து அட்டைப்பெட்டியை எடுத்தார். உள்ளே மாட்டுத்தலை மூடியோடு அது பளபளவென்று இருந்தது. விலையை வெளியில் சொல்ல சிவப்பிரகாசம் இன்றைக்கும் விரும்பமாட்டார். நாமும் விட்டுவிடலாம்.

வாங்கி வெளியே வந்ததும் சாலமன் ஓடிவந்தான்.

“மொதலாளி, இப்ப போவாதீங்க. கோட்டக்குப்பம் செக்போஸ்ட்ல வண்டி வண்டியா நிறுத்தி பாக்கறாங்க. பாண்டி சரக்கு இருந்தா அவ்ளோதான்.”

சிவப்பிரகாசத்தின் முகத்தில் ஈயாடவில்லை. கேஸ்கூடப் பரவாயில்லை. பேப்பரில் படம் போட்டுவிடுவார்களே. பழைய படத்தையும் பக்கத்திலேயே போடுவார்களே.

“இப்ப இன்னாடா பண்றது?”

“பயப்படாதீங்க. நம்ம கைல இருக்குது வழி.”

சாலமன் பெட்டிக்கடையில் ஒரு நன்னாரி சர்பத் பாட்டில் வாங்கி வந்தான். கடைக்குப் பின்னாலிருந்த காலிமனையில் இருவரும் குனிந்து உட்கார்ந்தார்கள். சர்பத்தை மண்ணில் கவிழ்த்துவிட்டு, அதற்குள் போர்பனை ஊற்றினார்கள். நிறம் அச்சு அசலாகப் பொருந்தியது. சிவப்பிரகாசம் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. உப்பளத்தில் பாத்திக்குத் தண்ணீர் கட்டியபோதுகூட இவ்வளவு பொறுமையாக அவர் வேலை செய்ததில்லை. காலி பாட்டிலைக் கையில் எடுத்ததும் இத்தனை நாள் அவமானமும் மண்டைக்கு ஏறியது. ஓங்கி, எதிரே கிடந்த கருங்கல் மேல் அடித்தார். மாட்டுத்தலை ஒரு பக்கமாக உருண்டது. அதையும் விடாமல் சாக்கடையில் எத்தினார்.

“ஒழிஞ்சிது சனியன்!”

செக்போஸ்ட்டில் ஒரு பெண் போலீஸ் கை காட்டி நிறுத்தினார். டிக்கியைத் திறக்கச் சொன்னவர், முகத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து நின்றார்.

“சார், நீங்களா! கடைய மூட வெச்சாரே, அந்த சார்தானே? எங்கம்மா உங்க போராட்டத்துல உக்காந்தாங்க சார்.”

“ஆமாம்மா.”

“இன்னா சார், சர்பத்தா?”

“வயித்துக்கு. நாட்டு மருந்து போட்டது.”

“உங்கள போயி செக் பண்ணுவேனா சார். போங்க.” பட்டென்று ஒரு சல்யூட் அடித்தார்.

அந்தச் சல்யூட்டுக்குப் பதில் அவர் இரண்டு அறை கொடுத்திருந்தால் சிவப்பிரகாசம் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்.

மறுநாள் காலை. நிச்சயதார்த்தக் கூட்டம் வர ஆரம்பிக்கும் நேரம். சிவப்பிரகாசம் வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து குரல் வந்தது.

“என்னாங்க, வண்டில சர்பத்து வாங்கி வெச்சிட்டு சொல்லவே இல்லியே. வர்றவங்களுக்கு எலுமிச்சம்பழம் புழிஞ்சி கலந்துடறேன்.”

வேட்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கமாக ஓடினார். அதற்குள் சின்னப்பாப்பா மூடியைத் திறந்துவிட்டிருந்தாள். முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். பாட்டிலை மேடை மேல் வைத்தாள். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

“மண்டபம் பாக்கப் போனது, மேளக்காரன பாக்கப் போனது, எல்லாம் இதுக்குத்தானா?”

அவர் அவிழ்ந்த வேட்டியை இழுத்துச் சொருகினார்.

“எத்தினி நாளா?”

உண்மையைச் சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை போதும். ஆனால் வாசல் பக்கம் பட்டுப்புடவையில் சத்யப்ரியா நின்றுகொண்டிருந்தாள். கையில் பூ. அவள் காதில் ‘உன் மாமனார்தான் கேட்டார்’ என்று விழுந்தால் அந்தப் பூ அவள் தலைக்குப் போகாது.

“கொஞ்ச நாளாத்தான்,” என்றார். “சும்மா, லேசா.”

“அப்பா…” என்றாள் சத்யப்ரியா. முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

சின்னப்பாப்பா கூடத்துக்குப் போய், லேமினேட் செய்த படத்தைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் சொருகிவிட்டு வந்தாள்.

“வர்றவங்க அத பாத்துட்டு உங்கள பெருமையா பேசுவாங்க. எனக்கு அது தாங்காது.”

வாழ்க்கையில் ஒரு பொட்டுக் குடிக்காத மனிதர், குடிகாரராகத் தலை குனிந்து, வந்தவர்களை வாங்க வாங்க என்று கும்பிட்டுக்கொண்டு நின்றார். மகளுக்காக என்று சொல்லிக்கொண்டார். அப்படியும் அவமானம் குறையவில்லை.

தட்டு மாற்றி முடிந்தது. பெண்ணும் பையனும் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார்கள். தெய்வசிகாமணி வந்ததிலிருந்தே சிவப்பிரகாசத்தைக் கண்ணாலேயே துரத்திக்கொண்டிருந்தார். ஒரு தரம் காதோரம் வந்து, “அது கெடச்சுதா சம்பந்தி?” என்று குழந்தை மாதிரிக் கேட்டார்.

“தோட்டத்துப் பக்கம் வாங்க.”

துணி துவைக்கிற கல்லருகே, சமையலறையிலிருந்து கொண்டுவந்து துண்டில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து அவர் கையில் கொடுத்தார். தெய்வசிகாமணி ஆசையாகத் துண்டைப் பிரித்தார்.

“இன்னாங்க இது, சர்பத்து?”

“நீங்க கேட்டதுதான். வேணும்னா மோந்து பாருங்க.”

தெய்வசிகாமணி திறந்து முகர்ந்தார். மூக்கைச் சுருக்கிக்கொண்டு பாட்டிலைத் தூரமாகப் பிடித்தார்.

“சரிங்க, பாட்டில் எங்க?”

“அத பாண்டியிலயே ஒடச்சிப் போட்டேன் சம்பந்தி. செக்போஸ்ட்ல மாட்டிக்கும்ல. ஆனா கவலப்படாதீங்க, உள்ள இருந்தது ஒரு சொட்டு சிந்தல.”

“மூடி?”

“அதுவும் சாக்கடைல போட்டாச்சு. தடயமே இல்ல.”

தெய்வசிகாமணி துவைக்கிற கல்லின் மேல் மெதுவாக உட்கார்ந்துவிட்டார். துக்க வீட்டில் உட்காருவதைப் போலத் தலையில் கை வைத்துக்கொண்டார். அவரைத் தேடி வந்த சம்பந்தியம்மா, புருஷன் முகத்தைப் பார்த்தாள், சர்பத் பாட்டிலை வாங்கி முகர்ந்தாள், சிவப்பிரகாசத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இவுரு குடிக்கற ஆளே இல்லீங்கண்ணே, உள்ள இருக்கறத கொட்டிட்டு பாட்டில கழுவி ஷோகேஸ்ல அடுக்கறவரு, குடிக்கறவங்ககிட்ட சொன்னா சரக்க வெச்சிக்கினு பாட்டில தூக்கிப் போட்டுடுவாங்கன்னுதான், குடிக்காத உங்ககிட்ட சொன்னாரு.”