தலை தீபாவளி லீவுக்கு ஒரு போக்கர்

எட்டாவது வரைதான் படித்தேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவன், எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நாலு பேர் முன்னால் சத்தம் போட்டேன். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. பெங்களூரில் ஒரு தொழிற்சாலையின் பம்ப் ஹவுஸில் வேலை. ஊருக்கே விடுமுறை என்றாலும் பம்புக்குக் கிடையாது. தீபாவளியன்றும் ஒருவர் இருந்தாக வேண்டும். அந்த வருடம் என் மகளுக்குத் தலை தீபாவளி. மாப்பிள்ளை நீலசந்திராவில் உள்ள எங்கள் வீட்டுக்கு வருகிறார். மாமனார் பம்ப் ஹவுஸில் இருந்தால் நன்றாகவா இருக்கும்? ஆனால் செல்வராஜும் அதே லீவைக் கேட்டான். ஜீவனஹள்ளிக்காரன், ஓயாத வாய். (அதற்கு ஒரு வால்வு வைக்காமல் விட்டது ஆண்டவன் செய்த தவறு.)

சூப்பர்வைசர் கௌடா சாருக்கு யாரையும் பகைத்துக்கொள்ள மனமில்லை. "ஆயுத பூஜை அன்னிக்கு எல்லாரும் போக்கர் ஆடுவோம். உங்க ரெண்டு பேர்ல யார் முதல்ல அவுட்டோ, அவருக்கு தீபாவளி டூட்டி" என்றார்.

போக்கர் எங்கள் புது இன்ஜினியர் சொல்லிக்கொடுத்த ஆட்டம். ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் ஐந்து பொதுச் சீட்டு. காசுக்குப் பதில் வாஷர்; அது தீர்ந்தவர் அவுட். அன்று காலை பம்புகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

செல்வராஜ் மேசையைத் தட்டினான், பாடினான், பொரியை என் வாஷர்மேல் இறைத்தான். "இன்னாண்ணே, காது செவக்குது? பெரிய சீட்டா?" என்று முகத்தருகே முகத்தைக் கொண்டுவந்தான். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் நல்ல சீட்டோடு நான் வாஷரைத் தள்ளினால் உடனே விலகிவிடுகிறான். வெறும் சீட்டோடு துணிந்தால் விடாமல் மோதுகிறான். எப்படித் தெரிகிறது இவனுக்கு?

யாராவது இருமினால் சைகையோ என்று பார்த்தேன். எனக்குப் பின்னால் நின்று டீ குடித்தவரைக் கும்பிட்டுத் தள்ளி நிற்கச் சொன்னேன். என் மூக்குக்கண்ணாடியில் சீட்டு தெரிகிறதோ என்று அதையும் கழற்றினேன். (பிறகு எனக்கே சீட்டு தெரியவில்லை. மாட்டிக்கொண்டேன்.) நல்ல சீட்டு வந்தால் யாரும் தூக்கிப் பார்க்காதபடி கவிழ்த்து வைத்து, கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பயத்தில் விரலெல்லாம் வியர்வை.

அப்போதுதான் கண்டேன். செல்வராஜ் முன் விழுந்த ஒரு சீட்டின் முதுகில் சிவப்புப் புள்ளி. அந்தச் சுற்று முடிந்து அவன் திருப்பினால், ஏஸ்!

எழுந்தேன். நாற்காலி சாய்ந்தது. "சார், திருட்டு ஆட்டம்! சீட்டுல அடையாளம் வெச்சிருக்கான்!" என்று கத்தினேன். பக்கத்து ஷெட்டிலிருந்தெல்லாம் ஆள் வந்துவிட்டது.

கௌடா சார் சீட்டுக்கட்டைப் பரப்பினார். ஏஸ், கிங், குயின் எல்லாவற்றின் முதுகிலும் சிவப்பு. ரெண்டும் மூணும் சுத்தம். "யாரு மாடித்து இது? யார் செஞ்சது? எல்லாரும் கையக் காட்டுங்க."

செல்வராஜின் பத்து விரலும் வெள்ளை. என் வலது கட்டை விரல் மட்டும் கல்யாண வீட்டு நிலைப்படி மாதிரி இருந்தது.

"அண்ணே, ரெண்டு மணி நேரமா நல்ல சீட்டுக்கெல்லாம் நீயே பொட்டு வெச்சு அனுப்பிக்கினு இருக்கே. நான் கண்ண மூடிக்கினு ஆடணுமா?" என்றான் செல்வராஜ். சிரித்த சிரிப்பில் கௌடா சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்துவிட்டு, "அடையாளம் வெச்சவர் அவுட்" என்றார்.

இன்றும் வீட்டில் சீட்டாட உட்கார்ந்தால், மாப்பிள்ளை கட்டைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "மாமா, சோப்பு போட்டுக் கழுவிட்டு வாங்க" என்கிறார். நானும் போய்க் கழுவிக்கொண்டு வருகிறேன்.

அந்த ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை நோட்டீஸ் போர்டில் டூட்டி சார்ட் ஒட்டியிருந்தார்கள். தீபாவளிக்கு நேரே என் பெயர். கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய் முதல் பம்பைப் போட்டேன்.